மலையைப் பார்த்த கடை

அந்த அம்மாளின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதுவும் அவளுக்கு ஒரு விளம்பரமாகப் போய்விடும். இருக்கிறதே போதும். நகரியிலிருந்து அரக்கோணம் வரைக்கும் அவள் கடையைப் பற்றி ஓசியில் பேசித் திரிந்த ஜனங்கள் ஏராளம். நானும் அந்தக் கும்பலில் சேர வேண்டாம் என்று பார்க்கிறேன்.

கடை என்று சொல்வதே அதிகம். ஒரு துணி மூட்டை, ஒரு கோணிச் சாக்கு, ஒரு குடம் தண்ணீர். எங்கள் ஜவுளிக்கடையின் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். வியாபாரம் நடக்கும். எங்கள் கடையில் டியூப் லைட் இருந்தது, கண்ணாடி அலமாரி இருந்தது, பட்டுப்புடவை கட்டிய பொம்மை இருந்தது. வியாபாரம்தான் இல்லை.

எங்கள் கடை திருத்தணியில் மலைப்படிக்குப் போகிற தெரு வளைகிற முனையில் இருந்தது. நைனா பார்த்துப் பார்த்துப் பிடித்த இடம் அது. அப்பாவை எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்குகிற கூட்டம் வளைவில் திரும்புவதற்கு முன்னால் நேராக எங்கள் வாசலைத்தான் பார்த்தாக வேண்டும். மலையிலிருந்து இறங்கி வருகிறவனுக்கோ எங்கள் பக்கத்துச் சுவர் மட்டும்தான் தெரியும். சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர். ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. அந்தத் தெருவில் எல்லாக் கடைகளும் ஏறுகிறவனைப் பார்த்துத்தான் வாயைத் திறந்து வைத்திருந்தன. இறங்குகிறவனை யாரும் சட்டை செய்வதில்லை. அவன்தான் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு வருகிறானே.

அவள் மட்டும் மலையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

முதல் நாளே கேட்டேன். "ஏம்மா, வர்ற ஜனத்துக்கு முதுவ காட்டிகினு உக்காந்துகினு கீறியே, எவன் வாங்குவான்?"

"ஏர்றவங்க கண்ணு மேலயே இருக்கும் தம்பி. மனசுல வேண்டுதல், மடியில உண்டியலுக்கு முடிஞ்சு வெச்சது. அவங்க கண்ணுக்கு நானும் தெரிய மாட்டேன், நீங்களும் தெரிய மாட்டீங்க," என்றாள். மூட்டையை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். "எறங்கறப்பதான் வெயிலே சுடும். அப்பதான் பசிக்கும், கொயந்த அயும், ஊருக்கு இன்னாத்த எடுத்துகினு போறதுன்னு ஞாபகம் வரும்."

பைத்தியக்காரி என்று நினைத்தேன். அப்படி நினைத்தது அந்த ஒரு நாள்தான். அதற்குப் பிறகு அவளைப் பைத்தியம் என்று நினைக்கிற சுகம் எனக்குக் கிடைக்கவே இல்லை.

எழுபதுகளில் வந்த அந்த இரண்டு வறட்சி வருஷங்களை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். வேர்க்கடலைச் செடி பூவோடு கருகியது. நூல் விலை ஏறிய ஏற்றத்தில் பொதட்டூர்பேட்டையில் தெருத் தெருவாகத் தறிச்சத்தம் நின்றது. நெய்து வைத்த லுங்கிகளை எடுத்துக்கொள்ள மொதலாளிமார்கள் வரவில்லை. மலைக்கு வருகிற கூட்டம் மட்டும் குறையவில்லை. கஷ்டம் வந்தால் முருகனிடம் கூட்டம் கூடத்தானே செய்யும். ஆனால் வந்தவர்கள் கடைகளைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். வேண்டுதலுக்கு மஞ்சள் வேட்டி எடுப்பவர்கள்கூட, வீட்டில் கிடக்கிற பழைய வேட்டியை மஞ்சளில் முக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். எங்களிடம் இருந்த இரண்டு ஆட்களையும் நைனா கண் கலங்க அனுப்பினார். ஆடிக் கிருத்திகை வரைக்கும் பார்ப்போம், அதற்குப் பிறகும் இப்படியே இருந்தால் கடையை மூடிவிடுவோம் என்று அவர் சொன்னபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்தாள். புருஷன் நெய்கிறவன். தறி நின்றதும் அவன் அதில் பூட்டிய பாவு நூலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். இவள் வீட்டிலிருந்த லுங்கிகளையும், அக்கம்பக்கத்து வீடுகளில் தேங்கிக் கிடந்தவற்றையும் மூட்டையாகக் கட்டி, பொதட்டூர்பேட்டை முதல் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள். நைனாவிடம் வந்து, "ஒங்க செவுத்தாண்ட கொஞ்சம் சாஞ்சுக்கட்டுமா நைனா?" என்று கேட்டாள்.

"ஆங், சாஞ்சுக்கம்மா. செவுரு இன்னா கொறஞ்சா பூடும்?" என்றார் அவர்.

வயசான யாரையும் நைனா என்று கூப்பிடுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. எனக்கும் தெரியும். இருந்தாலும் அவள் அப்படிக் கூப்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. இடம் கேட்க வந்தவள் உறவையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

அவள் கூவி விற்க மாட்டாள். "வாங்கக்கா, வாங்கண்ணா, உள்ள வந்து பாருங்க" என்று தெருவே தொண்டை கிழியக் கத்தும்போது அவள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். குட்டையான உருவம். இடுப்பில் ஒரு கயிற்றில் கத்தரிக்கோல் தொங்கும். புடவையில் எப்போதும் நூல் பிசிறு ஒட்டியிருக்கும். வந்து நிற்கிற ஆளின் முகத்தை அவள் முதலில் பார்க்க மாட்டாள். காலைப் பார்ப்பாள், அப்புறம் கையைப் பார்ப்பாள், இடுப்பில் குழந்தை இருந்தால் அதன் தலையைப் பார்ப்பாள். கடைசியில்தான் முகம்.

காலைப் பார்த்துத்தான் முதல் வித்தையைக் கண்டுபிடித்தாள். மலை ஏறுகிறவர்கள் செருப்பை எங்கேயாவது விட்டுவிட்டுப் போக வேண்டுமே. எங்கள் கடை வாசலில் விட்டால் நைனாவுக்குப் பிடிக்காது. லட்சுமி வருகிற வாசல் என்பார். நானும், "ஏய்யா, அந்தாண்ட வுடு, அந்தாண்ட வுடு" என்று விரட்டுவேன். விரட்டப்பட்ட செருப்பெல்லாம் சுவரைச் சுற்றிக்கொண்டு அவளிடம் போனது. அவள் ஜோடி ஜோடியாகக் கட்டி வரிசையாக வைத்தாள். ஒரு பைசா கேட்கவில்லை. மலைக்குப் போனவன் எந்த வழியாக வேண்டுமானாலும் இறங்கலாம். செருப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் வந்து நிற்பான். இது எனக்குப் புரியவே ஒரு மாசம் ஆனது. நான் விரட்டி விரட்டி அவளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அது மட்டுமா? வெயிலில் காய்ந்த படியில் இறங்கி வருகிறவனுக்கு உள்ளங்கால் தீயாய் எரியும். அவள் அந்தக் கோணிச் சாக்கைத் தண்ணீரில் நனைத்துத் தன் முன்னால் விரித்து வைத்திருப்பாள். வந்தவன் அதன் மேல் கால் வைத்ததும், "அப்பாடா, முருகா" என்பான். அப்புறம் அந்த இடத்தை விட்டு நகர மனசு வராது. நகராமல் என்ன செய்வான்? சும்மா நிற்க முடியுமா? எதிரில் இருக்கிற லுங்கியை எடுத்துப் பார்ப்பான். எங்கள் கடையில் ஃபேன் போட்டு உட்கார வைத்து, கலர் சோடா குடிக்கக் கொடுத்தும் நகராத சரக்கை, அவள் ஒரு நனைந்த சாக்கை வைத்து நகர்த்தினாள். எனக்கு வயிறு எரிந்தது. அவனுக்காவது எரிந்த காலுக்கு ஈரச்சாக்கு இருந்தது.

தொப்பி விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். எங்கள் கடை டெய்லர் உயிரோடு இருந்தால் அவனே சொல்லிவிடுவான் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

மலையில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கி வருகிற குழந்தைகள் அழும். அதுவரைக்கும் முடி இருந்த மண்டையில் வெயில் நேராக விழுந்தால் அழாமல் என்ன செய்யும்? அவள் லுங்கியில் மிச்சமாகும் துண்டுகளைச் சேர்த்துக் கட்டம் போட்ட தொப்பிகளாகத் தைத்து வைத்திருந்தாள். அழுகிற குழந்தையின் தலையில் ஒன்றை மாட்டிவிடுவாள். விலை சொல்ல மாட்டாள். அழுகை நின்றதும் அப்பன்காரன் தானாகவே லுங்கியை விரித்துப் பார்ப்பான். ஆத்தாக்காரி தன் மொட்டைக்கு ஒரு துண்டு கேட்பாள். மதியத்துக்குள் ரயிலடி முழுக்கக் கட்டம் போட்ட குட்டித் தலைகளாகத் தெரியும்.

சரி, இது என்ன பெரிய வித்தை என்று நானும் இறங்கினேன். டெய்லரைப் பிடித்து, நல்ல வெள்ளைத் துணியில், மடிப்பு வைத்து, உள்ளே லைனிங் கொடுத்து ஒரு கூடை நிறையத் தொப்பி தைத்தேன். அவளுடையதைப் பார்த்தால் அடுப்பங்கரைக் கரித்துணி மாதிரி இருக்கும். என்னுடையது கல்யாண மாப்பிள்ளைக்கு மாட்டலாம். எங்கள் வாசல்தான் ஏறுகிற கூட்டத்தைப் பார்த்த வாசலாயிற்றே. மேலே போகிறவர்களிடமே, "மொட்டை போட்டதும் கொயந்தைக்குப் போடுங்க" என்று விற்றேன். நன்றாகவே போனது. ஏறும்போதே குழந்தையின் தலையில் வைத்து அளவு பார்த்துத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்த நைனா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலை ரொம்ப நாள் கழித்துப் பார்த்தேன்.

மதியம் புத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் பையனைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "ஏமய்யா இதி! பிள்ளவாடிகி கண்ணே கனபடட்லேது!" என்று தெலுங்கில் சத்தம் போட்டார். பையனுக்குக் கண் தெரியத்தான் இல்லை. தொப்பி மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தது. முடியோடு இருந்த தலைக்கு அளவு பார்த்த தொப்பி. முடி போனால் தலை சிறுத்துப் போகாதா? அது டெய்லருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. போதாததற்கு ஈரச் சந்தனம் வெள்ளைத் துணியில் ஊறி, மஞ்சள் கறை பிடித்து, குழந்தைகளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவர் பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். தெருவே கூடிச் சிரித்தது.

அவளுடைய தொப்பி ஒன்றை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு நாடா ஓடியது. இழுத்தால் எந்த மண்டைக்கும் சரியாக உட்காரும். கட்டம் போட்ட துணியில் சந்தனக் கறையும் தெரியாது.

அவள் ஒருபோதும் சறுக்காதவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தடவை சறுக்கினாள். அதை நான் இன்றைக்கும் பத்திரமாக மனசில் வைத்திருக்கிறேன். யாரோ அவள் தலையில் கட்டிவிட்ட நீலச் சாயத் துண்டுகளை நம்பி விற்றுவிட்டாள். வேர்வையில் சாயம் இறங்கி, வாங்கின ஆட்களின் மொட்டையெல்லாம் நீலமாகிவிட்டது. ஆஹா, மாட்டினாள் என்று சுவர் முனையில் போய் நின்றுகொண்டேன். அவளோ ஒவ்வொருவரையும் ஈரச்சாக்கில் உட்கார வைத்து, மண்டையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டாள். சண்டை போட வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொக்கிப் போய் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மாசக் கிருத்திகைக்கு அவர்களே ஊர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அவளிடம் வந்தார்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

மத்தியான வேளையில் கடை ஓய்ந்து கிடக்கும்போது நைனா எழுந்து சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். ஒரு முக்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவளோடு பேசிக்கொண்டிருப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும். அவர் அந்தக் காலத்தில் தலைச்சுமையாகத் துணி விற்ற கதை, கே.ஜி.கண்டிகையில் நாய் துரத்திய கதை, எனக்குச் சின்ன வயசில் சொன்ன அத்தனை கதைகளும் அங்கே போய்க்கொண்டிருந்தன. அவள் சிரிப்பாள். எனக்குச் சொன்னபோது அந்தக் கதைகளுக்கு நான் அப்படிச் சிரித்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

ஒரு நாள் வந்து உட்கார்ந்ததும் நைனா சொன்னார். "டேய், இந்தச் செவுத்த இடிச்சு ஒரு வாசல் வெச்சா இன்னா? எறங்கற கூட்டமும் உள்ள வரும்ல?"

"அது சொல்லிச்சா?"

"யாரு சொன்னா இன்னாடா? சரியாத்தான கீது."

"கடைக்கு ரெண்டு வாசல் இருந்தா ஒண்ணுல வர்றது இன்னொண்ணுல பூடும் நைனா," என்றேன். சாஸ்திரம் மாதிரி சொன்னேன். அப்படி ஒரு சாஸ்திரம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

இதற்கிடையில் ஆடிக் கிருத்திகை நெருங்கியது. அதுதான் கடைசி. அதில் எழுந்தால் கடை, இல்லாவிட்டால் பூட்டு. நான் தூங்காமல் யோசித்தேன். அவள் அப்போது லுங்கித் துணியிலேயே பை தைத்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். வாங்கின துணியைச் சுருட்டிப் போட்டுக்கொடுக்க ஒரு கட்டம் போட்ட பை. அதில் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, ஒரு எழுத்துக் கிடையாது. பெயர் போடாத விளம்பரம் என்ன விளம்பரம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கேதான் அவளை மடக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மெட்ராஸ் போய் வந்து, கையிலிருந்ததைத் துடைத்துப் போட்டு, நல்ல கெட்டி மஞ்சள் பைகளுக்குச் சொல்லிவிட்டேன். ஒரு பக்கம் எங்கள் கடைப் பெயர் கொட்டை எழுத்தில். மறுபக்கம் மயில் மேல் முருகன். திருத்தணிக் கடைக்கு முருகனை விட வேறு என்ன போடுவது? பார்த்த எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நைனாவும் போட்டுக்கொண்டார். ஆடி மாசம் பிறந்ததிலிருந்து கடைக்கு வந்தவர், போனவர், விலை கேட்டவர் எல்லாருக்கும் கொடுத்தேன். இந்தப் பை ஊர் ஊராகப் போய் எங்கள் பெயரைச் சொல்லும், ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் தேடிக்கொண்டு வரும் என்று காத்திருந்தேன்.

பை எங்கேயும் கண்ணில் படவில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், சந்தையில் பார்த்தேன். ஒரு கையிலும் மஞ்சள் பை இல்லை. எங்கே பார்த்தாலும் கட்டம் போட்ட பை. காய்கறி அதில்தான், அரிசி அதில்தான், ரேஷன் சர்க்கரை அதில்தான். "எங்க வாங்கினது?" என்று ஒருத்தி கேட்டால், "மலைய பாத்துகினு ஒரு அம்மா உக்காந்திருக்கும் பாரு, அங்க" என்று இன்னொருத்தி சொன்னாள். அவளுக்குப் பெயரே வேண்டியிருக்கவில்லை.

விஷயம் என் வீட்டிலேயே இருந்தது. ஒரு புதன்கிழமை சந்தையிலிருந்து என் மனைவி வந்தாள். கையில் கட்டம் போட்ட பை. அதிலிருந்து கருவாட்டு வாசனை.

"நம்ம பை இன்னா ஆச்சு?" என்று கத்தினேன்.

"சாமி ரூம்ல மாட்டியிருக்கேங்க."

"சாமி ரூம்லயா? எதுக்கு?"

"பின்ன? சாமி படம் போட்ட பையில கருவாடு வாங்கிகினு வரச் சொல்றீங்களா? பஸ்ஸுல கீழ வெக்க முடியுமா அத்த? கால் படாதா?"

போய்ப் பார்த்தேன். பொட்டு வைத்து, பூ வைத்து, காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது எங்கள் விளம்பரம். நான் கொடுத்த அத்தனை பைகளும் அத்தனை வீட்டுச் சாமி அறைகளிலும் இப்படித்தான் தொங்குகின்றன என்று அப்போதுதான் உறைத்தது. ஊர் ஊராகப் போய்ப் பேச வேண்டிய பையை, நானே கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி செய்து மூலையில் உட்கார வைத்துவிட்டேன். மிச்சப் பைகள் கட்டுக் கட்டாகக் கடையில் இருந்தன. ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. நைனா அந்தக் கட்டுகளை எண்ணி அடுக்கினார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மத்தியானம் நைனா ஒரு கட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. காதை மட்டும் சுவரிலிருந்து எடுக்க முடியவில்லை.

"பை நல்லாத்தான் கீது நைனா," என்றாள் அவள். "ஏர்றவங்க கையில குடுத்ததுதான் தப்பு. எறங்கறவங்கள பாருங்க. துன்னூறு, தேங்கா மூடி, பழம், எல்லாத்தயும் முந்தானையில முடிஞ்சிகினு வராங்க. கீழ வெக்க முடியாம, கொயந்தைய தூக்க முடியாம. பிரசாதம் போட்டு எடுத்துகினு போவ இத்த வுட பை எங்க கெடைக்கும்? அது எப்படியும் சாமி ரூமுக்குத்தான போவுது?"

நைனா பைக்கட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "நீயே குடுக்கிறியாம்மா?" என்றார்.

"குடுக்கிறேன். செவுத்துக்கு அந்தாண்டதான் கடைன்னு சொல்லி அனுப்புறேன்."

ஆடிக் கிருத்திகை அன்று காவடிகள் விடியற்காலையிலிருந்தே இறங்கிக்கொண்டிருந்தன. அவள் பிரசாதத்தோடு வந்தவர்களைச் சாக்கில் நிற்க வைத்து, முந்தானையை அவிழ்த்து எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு, கையில் கொடுத்து, சுவரைச் சுற்றி எங்களிடம் அனுப்பினாள். வந்தார்கள். கையில் முருகன் பை. அதில் எங்கள் பெயர். பார்க்க வந்தவர்கள் சின்னதாக ஏதாவது எடுத்துக்கொண்டு போனார்கள். மொட்டை போட்ட பிள்ளைக்கு ஒரு பாவாடை, கூட வராத மாமியாருக்கு ஒரு சுங்குடி. ராத்திரி கடை சாத்தும்போது நைனா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தார். மறுநாள் திறக்கப் போகிற பூட்டு அது.

கடை பிழைத்தது. அப்புறமும் மாசா மாசம் சாமி அறையில் பையைப் பார்த்துப் பார்த்துப் பெயர் மனப்பாடம் ஆனவர்கள் ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்தெல்லாம் தேடி வந்தார்கள். பெயர் எங்களுடையது. வித்தை யாருடையது என்று எனக்குத் தெரியும், நைனாவுக்கும் தெரியும்.

ஆடிக் கிருத்திகை அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது நைனா சொன்னார். "அது எனக்குப் பொண்ணா பொறந்திருக்கணும்டா."

எனக்கு அக்கா இல்லை, தங்கை இல்லை. நான் ஒருவன்தான். ஒரே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லுகிற பேச்சா இது? மோரை ஊற்றி இலையை வழித்துவிட்டு எழுந்துவிட்டேன். அவர் கவனிக்கவே இல்லை.

அந்த வருஷக் கடைசியில் மழை பெய்தது. மெதுவாகத் தறிகள் ஓட ஆரம்பித்தன. அவள் வீட்டுத் தறியும் ஓடியது. இனி மூட்டை தூக்கிக்கொண்டு வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். கூட இன்னொரு மூட்டையும் வந்தது.

கடை நிலைத்தால் மொட்டை போடுகிறேன் என்று நைனா வேண்டிக்கொண்டிருந்தார். தை மாசத்தில் ஒரு நாள் மலைக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். "கடைய யாரு பாக்கறது? நீ இரு. நான் போய்ட்டு வந்துடறேன்," என்றார்.

அதற்கு நான் முன்னாலேயே தயாராக இருந்தேன். நைனா தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு நூலை வைத்து நெற்றியைச் சுற்றி அளவு எடுத்தேன். முடியின் கனத்துக்கு இவ்வளவு என்று கழித்தேன். டெய்லரிடம் பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல மல் துணியில், நாடா கோத்து, ஒரு தொப்பி தைத்து வாங்கினேன். தையில் வெயில் அவ்வளவு இருக்காதுதான். இருந்தாலும் அவர் இறங்கி வரும்போது அதை என் கையால் அவர் தலையில் வைக்க வேண்டும். வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை எனக்கு. ஒரு தலையாட்டல் போதும்.

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஒரு நகரி பஸ் வந்தது. கூட்டம் என்னைப் பார்த்தபடி நேராக வந்தது. "வாங்கக்கா, வாங்கண்ணா" என்று வழக்கம்போல் கூப்பிட்டேன். அந்தக் கூட்டம் ஏறிப் போனது. அடுத்ததும் போனது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. நைனாவின் சிரிப்பு. வறட்சிக்கு முன்னால் சிரித்த மாதிரிச் சிரித்தார்.

ஓடிப்போய் முனையில் எட்டிப் பார்த்தேன். நைனா ஈரச்சாக்கின் மேல் நின்றுகொண்டிருந்தார். சந்தனம் பூசிய மொட்டையில் கட்டம் போட்ட தொப்பி. அவள் எழுந்து நின்று, அவர் குனிந்து காட்ட, குழந்தைக்குச் செய்கிற மாதிரி நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் படியில் கடைசித் திருப்பத்தில் வரும்போதே பார்த்திருப்பாள். அவள்தான் மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவளாயிற்றே.

நைனா என்னைப் பார்த்தார். "எங்கடா இருந்த?" என்றார்.

"கடையிலதான் நைனா."

"ஆங்," என்றார். "நல்லா கீதாடா?" என்று தலையைத் தொட்டுக் காட்டினார்.

"நல்லா கீது நைனா," என்றேன்.

வெள்ளைத் தொப்பியை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய், அவர் தூங்கின பிறகு அந்தக் கட்டம் போட்ட தொப்பியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை என் அளவு சரியாகத்தான் இருந்தது.